வலது பக்கப் பெட்டி

வலது தோளில் ஆரம்பித்த வலி கழுத்து வழியாக ஏறிக் காதுக்குப் பின்னால் போய் நின்றது. சாமுவேல் பாயில் எழுந்து உட்கார்ந்து, இடது கையால் வலது கையைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டார். பதினோரு வருஷமாகப் பட்டு நூல் பையை அந்தத் தோளில் மாட்டி, பெட்ரோல் டேங்கின்மேல் இன்னொரு மூட்டையை வைத்து, எதிர்காற்றை நெஞ்சில் வாங்கிக்கொண்டு ஓட்டியவர். போன ஐப்பசியில் நெஞ்சுச் சளி முற்றிப் பெரியாஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்தார். மார்பில் காற்று அடிக்கக் கூடாது, தோளில் பாரம் ஏற்றக் கூடாது என்று டாக்டர் சொன்னார். வண்டியை விடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் விட்டிருக்க முடியாது.

வேலை இதுதான். பிள்ளையார்பாளையத்தில் ஆதிகேசவன் வீட்டில் காலையில், புடவைக்குக் குறுக்கே ஓடும் ஊடை நூல் கட்டுகளை எடை போட்டு வாங்க வேண்டும். சுற்றுக் கிராமங்களில் தறி வைத்திருப்பவர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். நெய்து முடித்த புடவைகளை வாங்கி வந்து ஆதிகேசவனிடம் ஒப்படைக்க வேண்டும். பட்டு நனையக் கூடாது. நனைந்தால் சாயம் கசியும். மழைக்காலத்தில் சாமுவேல் நனைவார், நூல் நனையாது. பிளாஸ்டிக் கோட்டை நூலுக்குப் போர்த்திவிட்டு வெறும் சட்டையில் வந்த நாட்கள் உண்டு.

இந்த ஐப்பசி பிறக்குமுன்பே பஞ்சுப்பேட்டையில் வெல்டிங் கடை வைத்திருக்கும் மணிவண்ணனிடம் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினார். இருபத்தாறு வருஷத்து ஹீரோ ஹோண்டா.

"இன்னாண்ணா, இந்த வயசுல சோக்கு கேக்குதா வண்டிக்கு?" என்றான் மணிவண்ணன்.

"சோக்கு இல்லபா. நெஞ்சு. முன்னாடி ஒரு கண்ணாடி, பின்னாடி ரெண்டு பக்கமும் பொட்டி. மழ உள்ள எறங்கக் கூடாது. பூட்டு வேணும்."

"பூட்டு எதுக்கு? தங்கமா தூக்கிக்கினு போற?"

"கிலோ இன்னா வெல தெரியுமா உனுக்கு?"

கண்ணாடி காயலான் கடையில் கிடைத்தது. ஏதோ போலீஸ் வண்டியில் இருந்தது. மூலையில் வெள்ளை எழுத்தைப் பாதி சுரண்டிவிட்டிருந்தார்கள். மணிவண்ணன் இரண்டு கிளாம்பு போட்டு அதைக் கைப்பிடியில் முறுக்கினான். தகர ஷீட்டை மடக்கிப் பெட்டிகள் செய்தான். மூடிக்கு ரப்பர் ஓரம் வைத்தான். ஒரு குடம் தண்ணீரை மேலே ஊற்றித் திறந்து காட்டினான். உள்ளே ஒரு சொட்டு இல்லை.

"எடது பக்கம் பொட்டி ஒக்காரணும்னா சேலக் கம்பிய கழட்டணும்ணா. கால் வெக்கிற கட்டையும் போயிடும். அண்ணி எப்டி குந்துவாங்க?"

"அவ பஸ்ல வருவா. கழட்டு."

"வலது பக்கம் சைலன்சர்ல இடிக்குது. நாலு வெரல் தூக்கி வெக்கட்டா?"

"தூக்கினா ஒரு பக்கம் சாயும். ஒட்டியே வை."

மணிவண்ணன் தோளைக் குலுக்கிவிட்டு ஒட்டியே வைத்தான்.

லில்லி கல்யாண மண்டபத்தில் பாத்திரம் தேய்த்துவிட்டு, மிச்சமான வத்தக் குழம்பைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு வந்தாள். வாசலில் நின்ற வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

"போலீஸ் வேல கெடச்சிடுச்சாயா?"

"காத்துக்கு மே."

"இது?"

"நூலு வெக்க."

இடது பக்கம் வந்து நின்றாள். இருபது வருஷம் அவள் கால் வைத்த இடத்தில் தகரம் இருந்தது.

"நான் எங்க குந்தறது?"

"எப்பனா ஒரு நாளு போற நீ. அதுக்கு..."

"எப்பனா ஒரு நாளா? ஞாயித்துக்கெழம கோயிலுக்கு யாரு வர்றா? என்ன ஏத்தக் கூடாதுன்னே செஞ்ச மாரி இருக்குது. முன்னாடி மறச்சிட்ட, பின்னாடி பூட்டு போட்டுட்ட. எவளுக்குயா?"

"அம்பத்தஞ்சு வயசுல எவடி வருவா எனுக்கு?"

"வர்றவளுக்கு கண்ணு தெரியாதுன்னா வருவா."

சிரிக்கவில்லை. சாவியை மட்டும் வாங்கிப் பார்த்தாள். ஒன்றுதான் இருந்தது. ஏசு படத்துக்குக் கீழே ஆணியில் மாட்டினாள்.

முதல் வாரம் சாமுவேலுக்குச் சுகமாகப் போயிற்று. காற்று கண்ணாடியில் மோதித் தலைக்கு மேலே போனது. திருப்பருத்திக்குன்றம் தாண்டியதும் வயல்காட்டுச் சாரல் வந்தது. கண்ணாடியில் வழிந்தது, நெஞ்சில் படவில்லை. இருமல் குறைந்தது. இரண்டு பக்கமும் எடை சமமாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் போகிற நூலைப் பாதி இடதிலும் பாதி வலதிலும் வைத்தார். நாலு ஊர் சுற்றி, மூன்று மணி நேரம் கழித்துக் கடைசியாக முசரவாக்கத்தில் துர்கா வீட்டில் இறக்குவார். அரைக் கிலோக் கட்டு இரண்டு.

மற்ற தறிக்காரர்கள் நூலை எடை பார்ப்பதில்லை. சீட்டில் ஆதிகேசவன் எழுதினது எழுதினதுதான். துர்கா மட்டும் போன தை மாதம் போனில் ஆர்டர் போட்டு ஒரு சின்னத் தராசு வாங்கிவைத்திருந்தாள். நூல் வந்ததும் வாசற்படியிலேயே தராசை வைத்து, எண்ணைப் போட்டோ எடுத்து ஆதிகேசவனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவாள். பத்து மாதமாக எண் சரியாகவே இருந்தது. இப்போது மூன்று தடவையாக இல்லை.

சனிக்கிழமை கூலி வாங்கப் போனபோது ஆதிகேசவன் போனை நீட்டினார். முன்னறையில் ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. முடித்து வந்த புடவைகள் கண்ணாடி அலமாரியில் அடுக்கியிருந்தன.

"படி."

"தொள்ளாயிரத்து எழுவத்தொம்போது."

"அடுத்தது."

"எழுவத்தேழு."

"அடுத்தது."

"எழுவத்தெட்டு."

"நான் குடுக்கறது ஆயிரம். நீ எறக்கறது இருவது கிராம் கொற. பதினோரு வருசம் இல்லாதது இப்ப எங்கேர்ந்து வந்துச்சு?"

"மொதலாளி, நான் பொட்டிய தெறக்கவே இல்ல. உங்க முன்னாடி பூட்டறேன், வீட்டுக்கு வீடு தெறக்கறேன்."

"அதான் கேக்கறேன். துணிப் பையில தூக்கிக்கினு போனப்ப கொறையல. பூட்டு போட்டதும் கொறையுது." வண்டியை ஜன்னல் வழியாகப் பார்த்தார். "முன்னாடி கண்ணாடி, பின்னாடி பூட்டு. திருட்டு வண்டிக்கு இன்னும் இன்னா வேணும் சாமுவேலு?"

கூலியில் அறுபத்தாறு கிராமுக்குப் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தார். கூட வேலை செய்யும் பிரேம்நாத் குனிந்து கணக்கு எழுதுகிற மாதிரி இருந்தான். எழுதவில்லை. அடுத்த வாரமும் குறைந்தால் நூல் ஓட்டத்தை அவனிடம் கொடுத்துவிடுவதாக ஆதிகேசவன் சொன்னார்.

இந்த வேலை போனால் இன்னொன்று கிடைக்காது என்பது மட்டுமல்ல. திருடன் என்று பெயர் எடுத்தவனைப் பிள்ளையார்பாளையத்தில் எவன் வாசலிலும் பட்டைத் தொட விடமாட்டார்கள். பட்டைத் தொடாமல் அந்த ஊரில் என்ன வேலை இருக்கிறது?

டீக்கடையில் பன்னை நனைத்துத் தின்றபடி யோசித்தார். முதலில் மணிவண்ணன் ஞாபகம் வந்தது. பூட்டு வைத்தவன். இன்னொரு சாவி வைத்திருந்தால்? நேரே பஞ்சுப்பேட்டைக்குப் போனார்.

"பூட்டுக்கு எத்தினி சாவி வந்துச்சு மணி?"

"ரெண்டு. ஒண்ணு உங்கைல குடுத்தேன். ஒண்ணு..." மணிவண்ணன் டப்பாவைக் குடைந்தான். "தோ. மறந்துட்டேன்."

"மறந்துட்டியா?"

"இன்னாண்ணா பாக்கற? உன் பின்னாடியே ஓடி வந்து ஓடற வண்டில நூலு உருவறனா நானு?"

சாவியை வாங்கிக்கொண்டு வந்தார். ஓடுகிற வண்டியில் உருவ முடியாதுதான். நிற்கிற வண்டியில்? வழியில் அவர் ஒரே இடத்தில்தான் நிற்பார், மதியச் சோற்றுக்கு. வீட்டு வாசலில்.

லில்லி நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். சாமுவேல் தட்டில் கை வைக்காமல், முதலாளி சொன்னதைச் சொல்லிவிட்டுக் கேட்டார்.

"சாவி எங்க இருக்குது?"

"ஒண்ணு உங்கைல இருக்குது. ஆணில தொங்கறது வேணுமா? சொவுத்த பாரு."

"நான் சாப்புட்டு கண்ணசர்ற நேரத்துல யாருனா எடுத்தாங்களா? உன் தங்கச்சி வந்துட்டு போறாளே."

கரண்டி சட்டியிலேயே நின்றது.

"எந்தங்கச்சி பட்டு திருடி இன்னா செய்வா? பல்லு குத்துவாளா?"

"கேக்கறேன், அவ்ளோதான்."

"நீ கேக்கல. கேக்கறவன் மூஞ்சி இப்டி இருக்காது." அவர் தட்டை இழுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள். "அந்தாளு உன்ன சொன்னான், நீ என்ன சொல்ற. நான் யார சொல்றது? மண்டபத்துல பாத்திரம் எண்ணி வாங்கறான்யா எங்கிட்ட, தெனமும். ஒரு கரண்டி கொறஞ்சா என் பைய கொட்டி காட்டணும். வீட்லயும் கொட்டி காட்டட்டா?"

அவர் தட்டிலிருந்ததை அவளே சாப்பிட்டாள். ஒரு வாரம் பேசவில்லை. சோறு ஆக்கி வைத்தாள், பரிமாறவில்லை.

மிஞ்சியது துர்கா. செவ்வாய்க்கிழமை நூல் கொண்டுபோனபோது, இறக்குவதற்கு முன்பே கேட்டுவிட்டார்.

"உந்தராசு சரியா துர்கா?"

துர்காவுக்கு முப்பத்தெட்டு வயது இருக்கும். புருஷன் ஒரகடத்துக் கம்பெனியில் ஷிப்டுக்குப் போகிறவன். அவள் உள்ளே போய்ப் பிரிக்காத சர்க்கரைப் பாக்கெட்டை எடுத்து வந்து தராசில் வைத்தாள். ஆயிரத்து ஆறு.

"கவர் ஆறு கிராமுண்ணா. இப்ப நூல வெய்ங்க. நான் யாரையும் சொல்லல. தராசு சொல்றத அனுப்பறேன். என்ன ஒருத்தர் சொன்னதுல பட்டவ நானு."

சாமுவேல் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. இடது பெட்டியைத் திறந்து ஒரு கட்டை வைத்தார். நானூற்றுத் தொண்ணூற்றெட்டு.

"இது சரியாதான் இருக்குது" என்றாள்.

வலது பெட்டியிலிருந்த கட்டை வைத்தார். நானூற்று எண்பது.

இரண்டு பேரும் எண்ணைப் பார்த்தார்கள். துர்கா இரண்டு கட்டையும் இரண்டு கையில் எடுத்தாள். எடை பார்க்கிற மாதிரி ஆட்டினாள். பிறகு வலது கையில் இருந்ததைக் கன்னத்தில் வைத்தாள்.

"சுடுது."

"வெயில்ல வந்துச்சு."

"இன்னைக்கு எங்கண்ணா வெயிலு?" ஒரு இழையை உருவிக் காதோரம் தேய்த்தாள். "சரசரங்குது. அது மெத்துன்னு இருக்குது. இத எங்க வெச்சு வறுத்தீங்க?" படியிறங்கி வண்டிக்குப் பக்கத்தில் போனாள். வலது பெட்டியின் அடியில் விரலை வைத்தவள் உடனே எடுத்து உதறினாள். "யம்மா! அடுப்புமேல பட்ட வெச்சிக்கினு ஊரெல்லாம் சுத்தறீங்களே!"

"சுட்டா எடை கொறையுமா?"

"பட்டு தண்ணி குடிக்கும்ணா. கைல ஈரமே தெரியாது, குடிச்சிருக்கும். காஞ்சா கொறையும். தறி போடறவங்களுக்கு தெரியும். தூக்கறவங்களுக்கு தெரியாதா?"

சாமுவேல் நம்பவில்லை. தன்னைக் காப்பாற்றுகிற பேச்சு அவள் வாயிலிருந்து ஏன் வருகிறது என்று அவருக்குச் சந்தேகமாக இருந்தது.

"நீ இன்னாமோ சொல்ற. மொதலாளி கேட்டா நான் இன்னா சொல்வேன், பட்டு தண்ணி குடிச்சிதுன்னா?"

"உள்ள வாங்க."

அவர் நகரவில்லை. பதினோரு வருஷத்தில் அந்த வாசற்படியைத் தாண்டியதில்லை. யாரும் தாண்டாதே என்று சொன்னதுமில்லை. அவருடைய அப்பா துர்காவின் மாமனார் கழனியில் அறுப்பறுத்தவர். கூலி நெல்லை இந்த வாசலில்தான் முந்தானையிலும் துண்டிலும் வாங்கிப் போனார்கள். தண்ணீர் கேட்டால் சொம்பு இந்தப் படிக்குத்தான் வரும். இப்போது கழனி பிளாட் போட்டு விற்றாகிவிட்டது. அந்த வீட்டு மருமகள் தறிக்குழியில் இறங்கிவிட்டாள். படி மட்டும் அப்படியே இருந்தது.

"வாங்கண்ணா. குழியத்தான் காட்டப் போறேன், பொண்ணு பாக்க கூப்புடல."

செருப்பைக் கழற்றிவிட்டுப் போனார். ஆஸ்பெஸ்டாஸ் கூரை. மேலே ஃபேன் சுற்றியது. தறியின் கீழே கால் வைக்கிற குழி, மழைக்கு ஈரம் ஊறிக் கறுத்திருந்தது. துர்கா வலது பெட்டிக் கட்டை ஒரு கூடையில் போட்டுக் குழியின் விளிம்பில் வைத்து, மேலே கோணியைப் போர்த்தினாள்.

"ஒரு சொட்டு தண்ணி தெளிக்க மாட்டேன். போட்டோ எடுத்துக்கோங்க. நாளைக்கு காலைல வந்து எடை போடுங்க. இன்னைக்கு மொதலாளிக்கு நான் படம் அனுப்பல."

மறுநாள் காலை சாமுவேல் முதல் வீடாக முசரவாக்கத்துக்குப் போனார். கட்டைத் தராசில் அவரே வைத்தார். நானூற்றுத் தொண்ணூற்றாறு. எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். அதே எண்.

நான்கு நாளாக நெஞ்சில் இருந்தது இறங்குகிற மாதிரி இருந்தது. சிரிக்கலாம் என்று நிமிர்ந்தபோது துர்கா சிரிக்கவில்லை.

"எனுக்கு ராத்திரி வேற ஒண்ணு தோணுச்சுண்ணா. அவுரு நூலு ரூமு எப்டி இருக்கும்? நீங்க பாத்திருக்கீங்கல்ல?"

பார்த்திருக்கிறார். வீட்டின் பின்கட்டில் ஜன்னல் இல்லாத அறை. தினமும் தரையில் தண்ணீர் அடிப்பார்கள். நாலு மூலையிலும் நனைந்த கோணி கிடக்கும். பட்டு காய்ந்தால் இழை அறும் என்று ஆதிகேசவன் சொல்வார். அதைச் சொன்னார்.

"சரி. காஞ்சா அறுவும், மெய்தான். அங்க எடை போட்டு குடுக்கறாரு. இங்க பன்னெண்டு நாளு ஃபேனுக்கு கீழ கெடக்குது. புடவைய எங்க வெச்சு எடை பாக்கறாரு?"

"முன் ரூமுல."

"ஏ.சி.ல."

சாமுவேல் தலையை ஆட்டினார்.

"ஒடனே பாக்கறாரா?"

"ரெண்டு நாளு அலமாரில இருக்கும். அப்பறம்தான் தராசு."

"ஈரமா குடுத்து காயவெச்சு வாங்கறாரு." துர்கா விரலை மடக்கி எண்ணினாள். "போன வருசம் நாலு புடவைல நூத்தியெண்பது கிராம் கொறன்னு கூலில புடிச்சாரு. நான் சேட்டு கடைக்கு நூலு வித்துட்டேன்னு சொன்னாரு. யாரோ சொன்னாங்களாம். நாலு மாசம் எனுக்கு நூலே வரல. தறி சும்மா கெடந்துச்சு. ஊருல என் மாமனார் பேரு சொல்லி சிரிச்சாங்க. அப்பதான் இந்த தராசு வாங்கினேன்." அவரைப் பார்த்தாள். "யாரு சொல்லியிருப்பாங்க?"

"தெரிலமா."

சொன்னவர் அவர்தான். போன வருஷம் இதே மாதிரி ஒரு சனிக்கிழமை, யார்மேல் சந்தேகம் என்று ஆதிகேசவன் கேட்டார். சாமுவேல் எதையும் பார்த்ததில்லை. இருந்தும் துர்கா பெயர் வாயில் வந்தது. ஏன் அந்தப் பெயர் வந்தது என்று அப்போது யோசிக்கவில்லை. இப்போது அந்தக் குழிப் பக்கத்தில் நின்றபோது தெரிந்தது. மாமனார் கழனியும், படிக்கு வந்த சொம்பும் சேர்ந்துதான் அந்தப் பெயரைச் சொல்ல வைத்தன. அவளுக்கு அதில் என்ன பங்கு? கழனி விற்கும்போது அவள் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்திருக்கவே இல்லை.

சனிக்கிழமை துர்காவின் தராசையே கடன் வாங்கிக்கொண்டு போனார். பிடித்த கூலியையும், தன் பெயரைச் சொன்னது யார் என்பதையும் கேட்டு வரச் சொல்லியிருந்தாள். ஆதிகேசவன் முன்னால் இரண்டு போட்டோவையும் காட்டினார். எண்பது, தொண்ணூற்றாறு. ஆதிகேசவன் வெகுநேரம் பார்த்தார். பிரேம்நாத்தை வெளியே போகச் சொன்னார்.

"சரி. நீ எடுக்கல. பொட்டி சூடு. ஒத்துக்கறேன்." மேஜையைத் திறந்து, பிடித்த பணத்தை எடுத்து வைத்தார். "பொட்டிய கழட்டிடு. பழையபடி பையில எடுத்துக்கினு போ. கண்ணாடி இருக்கட்டும், உன் ஒடம்புக்கு நல்லது."

"பொட்டிய நாலு வெரல் தூக்கி வெச்சா போதும் மொதலாளி. எடது பக்கம் கொறையவே இல்ல."

"கழட்டுன்னா கழட்டு. ஒரு வீட்ல கொறஞ்சா எல்லா வீட்லயும் தராசு வாங்குவாளுங்க."

சாமுவேல் பணத்தை எடுக்கவில்லை. "அந்த பொண்ணுக்கு போன வருசம் புடிச்சது?"

"எந்த பொண்ணு?"

"முசரவாக்கம் துர்கா. நூத்தியெண்பது கிராமு. அதுவும் இப்டி காஞ்சதாதான் இருக்கும்."

ஆதிகேசவன் கோபப்படவில்லை. நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"எங்க தாத்தா காலத்துலேர்ந்து அந்த ரூமுல தண்ணி அடிக்கறோம். நூலு அறக் கூடாதுன்னு. அதுல கள்ளம் இருக்குதுன்றியா?"

"அப்டி சொல்லல."

"அவ திருடினான்னு நான் சொன்னனா? யாரு மேல சந்தேகம்னுதான் கேட்டேன். பேரு சொன்னது யாரு சாமுவேலு?"

சாமுவேல் அலமாரிப் புடவைகளைப் பார்த்தார்.

"போயி அவகிட்ட சொல்லு. புடிச்சது தப்புன்னு சொல்லு. யார் சொல்லி புடிச்சோம்னும் சேத்து சொல்லு. நானும் வரேன் வேணும்னா."

சாமுவேல் பணத்தை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

வீட்டில் லில்லியிடம் எல்லாம் சொன்னார். போன வருஷத்துச் சனிக்கிழமையை மட்டும் சொல்லவில்லை. ஒரு வாரத்துக்குப் பிறகு அவள் வாயைத் திறந்தாள்.

"எந்தங்கச்சிய கேட்டதுக்கு?"

"தப்புதான்."

"அவகிட்ட சொல்லு. எங்கிட்ட சொல்லி இன்னா?" ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அவர் எழுந்தபோது கையைப் பிடித்தாள். "கழட்டாத. இப்ப கழட்டினா திருடுனவன் கழட்டினான்னுதான் ஆவும். நான் பஸ்ல போறேன். தூக்கி வெச்சிக்கோ."

மணிவண்ணன் வலது பெட்டியை நாலு விரல் தூக்கி வைத்து, நடுவில் ஒரு தகடு கொடுத்தான். வண்டி கொஞ்சம் சாய்ந்தது. ஆதிகேசவன் அதைப் பார்த்தார். வாரத்தில் மூன்று நாள் ஓட்டத்தைப் பிரேம்நாத்துக்குக் கொடுத்தார்.

திங்கட்கிழமை முசரவாக்கத்தில் இரண்டு கட்டும் சரியாக இருந்தன. துர்கா போட்டோ எடுத்து அனுப்பினாள்.

"கேட்டீங்களாண்ணா?"

"கேட்டேன்மா."

"இன்னா சொன்னாரு?"

"பாக்கலாம்னாரு."

"யாரு எம்பேர சொன்னதுன்னு?"

"அது... அவுருக்கே ஞாபகம் இல்லியாம்."

துர்கா தராசைத் துடைத்து உறையில் போட்டாள். அவசரம் இல்லாமல் போட்டாள்.

"அவருக்கு ஞாபகம் இருக்கும்ணா. அவரு எதையும் மறக்கறவரு இல்ல." உள்ளே திரும்பினாள். "தண்ணி குடிக்கறீங்களா? உள்ள வந்து குடிங்க."

வேண்டாம் என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

ஐப்பசி முடிந்து கார்த்திகையும் பாதி போய்விட்டது. துர்காவுக்கு ஆதிகேசவன் தர வேண்டியது, நூற்றெண்பது கிராம் பட்டுக்குப் பிடித்த கூலி. சாமுவேல் தர வேண்டியது, 'உன் பெயரைச் சொன்னது நான்' என்ற ஒரு வார்த்தை. இரண்டும் நிலுவையில் நிற்கின்றன.